ஒப்புகைச் சீட்டில் தமிழ் எழுத்து சிதைந்து வருவது பற்றிய கோரிக்கை மனு

அனுப்புநர்
கணினி மையம் நடத்துபவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: இணையவழி விண்ணப்பங்களின் அச்சுப் பக்கத்தில் எழுத்துக் குறியாக்கத்தை அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேலூரில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். கொட்டாம்பட்டி, கீழவளவு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, ஒப்புகைச் சீட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை.

போன வாரம் ஒரு பாட்டிக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்பேரு எங்கனய்யா இருக்கு?" என்றார். விண்ணப்ப எண்ணும் தேதியும் சரியாக இருந்தன. பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று ஒரே கிறுக்கல். அதையே கொண்டுபோனவரை, "வேற எடுத்துட்டு வாங்க" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறேன்.

இது பிரிண்டர் கோளாறு இல்லை, ஃபான்ட் கோளாறும் இல்லை. கணினி எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். அதில் ஒன்றான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு (பைட்டு என்பது சேமிப்பு அலகு). 'மதுரை' என்று எழுத 5 குறியீடு (ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி), ஆக 15 பைட்டு. 'இது யுடிஎஃப்-8' என்று பக்கம் சொல்லாவிட்டால், பிரவுசர் அதைப் பழைய மேற்கத்திய குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டிவிடும். 'ம' ஒன்றுக்கே வட்டத்துக்குள் ஆர் இரண்டு முறை வருகிறது. மதுரையின் முதல் எழுத்துக்கு யாரோ டிரேட்மார்க் வாங்கிவிட்டார்களோ என்று கடையில் சிரித்துக்கொண்டோம். எண்களுக்கு இரண்டு முறையிலும் ஒரே பைட்டு என்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். விண்ணப்பப் படிவத்தில், குறியாக்கத்தை பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அச்சுப் பக்கத்துக்குத் தனி டெம்ப்ளேட் (மாதிரிப் பக்கம்). அதில் அந்த வரியே இல்லை. இன்னொரு சேவையின் சீட்டில் வரி இருக்கிறது, ஆனால் ஸ்கிரிப்ட் என்கிற நீளமான நிரல் துண்டுக்குக் கீழே கிடக்கிறது. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் விதிப்படி அந்த வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் முழுதாக வந்துவிட வேண்டும்.

"எங்க சிஸ்டத்துல நல்லாத்தானே வருது" என்று பதில் வரலாம். அறிவிப்பு இல்லாத பக்கத்தைச் சில பிரவுசர்கள் ஊகித்துக் காட்டும். ஊகம் ஒருநாள் சரியாக வரும், ஒருநாள் வராது. முன்பு குரோமில் குறியாக்கத்தை நாமே மாற்ற ஒரு மெனு இருந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள், அதனால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடை (யுடிஎஃப்-8 அதைச் சேமிக்கும் ஒரு முறை) ஏற்று அரசாணை போட்டுவிட்டது. மிச்சமிருப்பது இந்த ஒரு வரிதான்.

ஆகவே, அச்சுப் பக்கங்கள் உட்பட எல்லா டெம்ப்ளேட்டிலும் நிரலின் மேலே உள்ள ஹெட் பகுதி தொடங்கியதும் முதல் வரியாக யுடிஎஃப்-8 அறிவிப்பைச் சேர்க்க, சம்பந்தப்பட்ட தொழில்நுட்பப் பிரிவுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். சர்வர் பக்கத்தோடு சேர்த்து பிரவுசருக்கு அனுப்பும் தலைப்புக் குறிப்பிலும் அதுவே இருக்க வேண்டும். அங்கே வேறு குறியாக்கம் இருந்தால் மெட்டா வரியைப் பிரவுசர் மதிக்காது. கோப்பையும் யுடிஎஃப்-8 ஆகவே சேமிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

அதெல்லாம் சரியாகும் வரை, சிதைந்த சீட்டோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல், விண்ணப்ப எண்ணை வைத்துச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளும்படி கவுன்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டி இதற்காக இரண்டு தடவை பஸ் ஏறிவிட்டார்.

சிதைந்த சீட்டின் நகலும், அதே பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்து நான் எடுத்த நகலும் இத்துடன் இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு லேப்டாப்போடு வந்து காட்டவும் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: மேலூர்