குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். தெருவிளக்கு, குப்பை அகற்றல் பற்றிய கூட்டக் குறிப்புகள் முன்பே சுற்றுக்கு விடப்பட்டுவிட்டன. எனவே இந்த அறிக்கையை ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறோம்: தெருக்குழாயிலிருந்து மீட்டர் வழியாக வீட்டுக்குள் வரும் பிரதான இணைப்புக் குழாய். அதைப் பற்றிய முறையீடுகள் பெரும்பாலும் "தண்ணீர் சரியாக வரவில்லை" என்ற ஒற்றை வரியில் வருகின்றன. அந்த வரிக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்தறியாமல் கடப்பாரையை எடுத்தால் தரைதான் பாழாகும்.

முதலில் கசிவு. குழாயில் அழுத்தம் இருக்கும் நேரத்தில் வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். கழிவறை ஃபிளஷ் டேங்குக்குப் போகும் வால்வு, நிலத்தடித் தொட்டி இருந்தால் அதன் மிதவை வால்வுக்கு முன்னுள்ள வால்வு ஆகியவற்றையும் மூட வேண்டும். இந்த இரண்டையும் மறந்துவிட்டுத்தான் பலர் இல்லாத கசிவைத் தேடுகிறார்கள். பிறகு மீட்டரைப் பாருங்கள். முகப்பில் சிறு முக்கோணமோ நட்சத்திரச் சக்கரமோ இருந்தால் அது அசையக் கூடாது. மெதுவாக நகர்ந்தாலும் எங்கோ நீர் போகிறது. அப்படி ஒன்று இல்லாத மீட்டரில் சிவப்பு எண்கள் உட்பட முழு அளவையும் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 5 லிட்டர் ஏறியிருந்தால் அழுத்தம் நாள் முழுக்க இருக்கும் இணைப்பில் அது ஒரு நாளைக்கு 120 லிட்டர். விட்டுவிட்டு நீர் வரும் இடங்களில் வரத்து தொடங்கியவுடன் பார்க்காதீர்கள். குழாயில் அடைபட்ட காற்றும் மீட்டரைச் சுழற்றும்.

அடுத்து, குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். தொடர்ந்து ஓடினால் மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் இடையே மண்ணுக்கடியில். ஆனால் வால்வு முழுசாக மூடுகிறதா என்பதை ஒரு குழாயைத் திறந்து உறுதிசெய்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். தகடு இறங்கி வழியை அடைக்கும் பழைய கேட் வால்வுகளில் தண்டு சுற்றும், உள்ளே தகடு கழன்று கிடக்கும். மீட்டருக்கு முந்தைய கசிவை மீட்டர் காட்டவே காட்டாது. அங்கே காதுதான் கருவி: இரவு அரவமற்ற நேரத்தில் நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் வைத்து மறுமுனையைக் காதோரம் வைத்தால் சீறும் ஓசை கேட்கும்.

ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நம்பித் தோண்டாதீர்கள். குழாய் புதைத்த பள்ளத்தின் மண் இளக்கமானது; நீர் அதன் வழியே சரிவை நோக்கிப் போய், தடைபட்ட இடத்தில் மேலே வரும். தேங்கிய நீரைக் குளோரின் சோதனைப் பெட்டியால் சோதித்துப் பாருங்கள். குளோரின் தெரிந்தால் குழாய் நீர்தான். தெரியாவிட்டால் குழாய் நீர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் ஊறி வரும்போது குளோரின் குறைந்துவிடும்.

அழுத்தக் குறைவுக்கு வருவோம். தோட்டக் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி, எல்லாம் மூடிய நிலையில் ஒரு அளவு, வேறொரு குழாயைத் திறந்துவிட்டு ஒரு அளவு எடுங்கள். மூடிய நிலையிலேயே குறைவு, பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் குறை தெருக்குழாயில். மூடும்போது நன்றாக இருந்து, திறந்ததும் படுத்துவிட்டால் உங்கள் இணைப்பில் அடைப்பு. உடனே குழாயை மாற்றக் கிளம்ப வேண்டாம். மீட்டருக்கு முன்னுள்ள வடிகட்டியில் மணல் சேர்ந்திருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம். அவை சரியாக இருந்தால்தான் ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், உட்புறத் துரு. பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு முண்டுகள் நெருங்கி, பென்சில் நுழையும் அளவே வழி மிஞ்சியிருக்கும். துளையின் விட்டம் பாதியானால் நீர் போகும் பரப்பு கால் பங்காகிவிடும்.

இக்குழாய்கள் முதலில் விட்டுப்போவது மரையில்தான், அதாவது முறுக்கி இணைப்பதற்காக முனையில் வெட்டும் திருகில். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, சுவரும் அங்கே மெலிகிறது. அதனுடன் பித்தளை வால்வை நேராக இணைத்திருந்தால் அரிப்பு இன்னும் விரைவு. ஓர் இடத்தில் ஒட்டுப்போட்ட சில மாதங்களில் இன்னோர் இடம் ஒழுகினால் முழுக் குழாயையும் மாற்றுவதே சரி என்பது செயற்குழுவின் கருத்து. பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயில் பழுது பெரும்பாலும் பசையால் ஒட்டிய இடத்திலும், வெயில் பட்டு நொறுங்கும் வெளிப்பகுதியிலும் வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கலப்பு. நீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இராது. வெளியே ஒழுகிய அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். திறந்தவுடன் கலங்கலோ நாற்றமோ வந்தால் அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தக் கூடாது. உடனே நீர் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பால்போல் வெளுத்து, டம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி; அஞ்ச வேண்டாம். காலையில் சில நிமிடம் மட்டும் பழுப்பாக வந்தால் வீட்டுக் குழாயின் துரு. சுடுநீரில் மட்டும் பழுப்பு என்றால் ஹீட்டரைப் பாருங்கள்.

பழுது பார்த்த பிறகு பசை காயும் நேரத்தை அதன் டப்பாவில் உள்ளபடி விடுங்கள். பள்ளத்தை மூடும் முன் நீரைத் திறந்து ஒட்டிய ஒவ்வோர் இடத்தையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கல் படாமல் அடியிலும் மேலும் மணல் இடுங்கள்.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்களாகப் பொதுக்குழுவின் முன் வைப்பவை: சங்கத்துக்கு ஓர் அழுத்தமானி, ஒரு குளோரின் சோதனைப் பெட்டி வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துத் தருதல், ஒவ்வொரு வீட்டின் மீட்டர், வால்வு, குழாய் செல்லும் பாதை ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தைத் தயாரித்து ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் வைத்தல், மாதத்தின் முதல் ஞாயிறு இரவு மீட்டர் அளவையும் மறுநாள் விடிகாலை அளவையும் உறுப்பினர்கள் குறித்துவைத்தல்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்