காற்றுத் தடுப்பு ஜாக்கெட் என்று அனுப்பிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருமாறு கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள், தலைமை அலுவலகம்.

பொருள்: சைக்கிள் ஓட்டுவோருக்கான மடித்து வைக்கும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட், அளவு எல், விலை ரூ. 3,499. ஆறு வாரமாகத் தீராத புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதை எழுத உட்காருவதற்கு முன் ஆறு தடவை போன் செய்தாயிற்று, நான்கு மின்னஞ்சல் போட்டாயிற்று, திருப்பூருக்கு ஒரு நடை போய் வந்தாயிற்று. சாட்டில் எத்தனை முறை பேசினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புகார் எண் தருகிறீர்கள். இரண்டே நாளில் அந்த எண் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது, கூடவே எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள் என்ற கேள்வியும். எதுவும் தீரவில்லை. அதனால்தான் தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். இதையாவது ஒரு பட்டனைத் தட்டி மூட முடியாது.

மரியாதையாகவே தொடங்குகிறேன். உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது இது: எடை 95 கிராம், 20 டெனியர் (நூல் பருமனின் கணக்கு) ரிப்ஸ்டாப் நைலான், காற்று புகாது, தூறல் தாங்கும், சைக்கிளுக்கென்றே வெட்டியது, தன் பைக்குள்ளேயே மடங்கும். வந்தது வேறு. சமையலறைத் தராசில் வைத்தால் 162 கிராம். எடையைப் பெரும்பாலும் எம் அளவுக்குத்தான் போடுவார்கள், எல் என்றால் ஐந்து பத்து கிராம் கூடும் என்பது தெரிந்ததுதான். 67 கிராம் கூடாது. ரிப்ஸ்டாப் துணியில் பொடிக் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். இதில் ஒரு கட்டம்கூட இல்லை. உள்ளே தைத்திருக்கும் லேபிளே "100% பாலியஸ்டர்" என்கிறது. பக்கத்தில் நைலான், லேபிளில் பாலியஸ்டர். இரண்டையும் எழுதியது நீங்கள்தான். எது பொய் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

மலையிறங்கும்போது காற்றும் புகுகிறதே என்று டிசம்பர் 3ஆம் தேதி உங்கள் சேவைப் பிரிவில் பேசியவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், உங்கள் ஒலிப்பதிவில் இருக்கும், எடுத்துக் கேளுங்கள்: "சார், காத்து அடிச்சா கொஞ்சம் மெதுவா இறங்க வேண்டியதுதானே? சைக்கிள்ல யாரு அவ்ளோ ஸ்பீடு போகச் சொன்னா?" பின்னால் ஒருவர் சிரித்ததும் கேட்டது.

காற்றுத் தடுப்பு ஜாக்கெட் விற்கும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர் இப்படிச் சொல்லலாமா? நான் ஏறி இறங்கும் மலைப் பாதையில் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், கோத்தகிரி 1,800 மீட்டருக்கு அருகில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். ஆகக் கீழே 28 டிகிரி இருக்கும் காலையில் மேலே 18, 19தான். 33 கிலோமீட்டர் ஏறி முடிக்கும்போது ஜெர்ஸி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு 45, 50 வேகத்தில் இறங்கினால் காற்று ஈரத்தை உறிஞ்சி நெஞ்சையும் வயிற்றையும் சில்லிட வைத்துவிடும், விரல் விறைத்து பிரேக் லீவரைச் சரியாகப் பிடிக்க வராது. ஜாக்கெட்டை ஏறும்போது போடக் கூடாது, உச்சியில் நின்று போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், அடிவாரத்தில் கழற்றி ஜெர்ஸியின் முதுகுப் பைக்குள் செருக வேண்டும். இந்த ஜாக்கெட் இருப்பதே அந்த இறக்கத்துக்காகத்தான். மெதுவாக இறங்கச் சொல்கிறார் அந்த அன்பர். மெதுவாக இறங்கினால் குளிரில் இருக்கும் நேரம்தான் கூடும். சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியில் இத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிப்பதும் உண்டு. அந்த அறிவுரையை உங்கள் ஜாக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்களேன்.

துணிக்கு வருகிறேன். காற்று புகுமா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துணியை வாயில் இறுக்கி வைத்து ஊதினால் போதும். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தெரிந்தால் புகுகிறது. உங்கள் ஜாக்கெட்டில் முன்பக்கம் ஊதினால் ஒன்றும் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோளிலும் கை மேல்பக்கத்திலும் ஊதினால் நன்றாகவே வருகிறது. காரணம் தெரிகிறது: முன் பாகத்துக்கு மட்டும் உட்புறம் பாலியூரிதேன் பூசியிருக்கிறீர்கள், மற்ற இடமெல்லாம் பூச்சில்லாத சாதாரணத் துணி. நல்ல காற்றுத் தடுப்புத் துணியில் நூலை நெருக்கமாக நெய்து, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி நூல் இடைவெளியை அடைப்பார்கள். அது கொஞ்சம் மூச்சுவிடும். இப்படிப் பூச்சு போட்டது அவ்வளவாக மூச்சு விடாது, உள்ளே வியர்வை தண்ணீராகவே நிற்கும். முன்னால் புழுக்கம், தோளில் குளிர், இரண்டையும் ஒரே ஜாக்கெட்டில் கொடுத்த பெருமை உங்களுடையது. காற்று நுழையும் அளவை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) கணக்கில் கேட்டேன். 1க்குக் கீழே இருந்தால் காற்று அநேகமாக நுழையாது, 5ஐ ஒட்டி இருந்தால்கூட சைக்கிளுக்குத் தாராளம், 30, 40 என்று போனால் அது வெறும் சட்டை. எண் என்ன என்று இரண்டு மின்னஞ்சலில் கேட்டதற்கு "எங்கள் தயாரிப்புகள் உயர்தரமானவை" என்று பதில். துணி வாங்கிய நீங்கள் மில்லிடம் அந்த எண்ணைக் கேட்காமலா வாங்கினீர்கள்?

அளவைச் சொல்ல மறந்தேன். உங்கள் அட்டவணைப்படி எல் என்றால் மார்பு 104 செ.மீ. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்தால் 59, சுற்றினால் 118. சுற்றளவில் சில சென்டிமீட்டர் தளர்வு வைப்பது நியாயம். 14 வைத்தால் 40 வேகத்திலேயே முதுகில் காற்று புகுந்து பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது, படபடவென்று அடிக்கும் சத்தத்தில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்பதில்லை. குனிந்து ஹாண்டில் பிடிக்கிறவருக்கு முன்பக்கம் குட்டையாகவும் முதுகுப் பக்கம் நீளமாகவும் கை நீளமாகவும் இருக்க வேண்டும். இதில் முன்னும் பின்னும் ஒரே நீளம். குனிந்தால் இடுப்பு வெளியே. இது நடந்து போகிறவருக்கு வெட்டியது, சைக்கிள் படம் ஒட்டி விற்றிருக்கிறீர்கள்.

அளவு மாற்றி எம் அனுப்புங்கள் என்றேன். எக்ஸ்.எல். வந்தது.

அதைத் திருப்பி அனுப்ப பிக்கப் மூன்று முறை ரத்து. மூன்று முறையும் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று குறிப்பு. மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தேன், வாசலில் நாய்கூடக் குரைக்கவில்லை. பிறகு உங்கள் ஆட்களே "திருப்பூர் குடோன்ல நேரா கொடுத்துடுங்க, உடனே ரீஃபண்ட்" என்றார்கள். நவம்பர் 22, சனிக்கிழமை. அரை நாள் விடுப்பு, போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. அங்கே வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியேயே நிறுத்தி, "இங்க ரிட்டர்ன் எல்லாம் வாங்கறதில்லீங்க, போனவாரமும் ஒருத்தர் வந்துட்டுப் போனாருங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் நிறுவனத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

திருப்பூர் வரை போனதில் ஒரே நன்மை, எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டெய்லர் ஜிப்பைப் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் கோளாறைச் சொன்னார். ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு பட்டி வைத்துத் தைத்திருக்கிறீர்கள், அதன் ஓரத்தை மடித்து அழுத்தித் தைக்கவில்லை. அந்த மெல்லிய துணி ஒவ்வொரு முறையும் ஜிப்பை இழுக்கும் ரன்னருக்குள் சிக்குகிறது. இழுத்து எடுக்க எடுக்க ரன்னரின் இரண்டு தகடும் விரிகிறது. விரிந்த ரன்னர் பல்லைச் சேர்க்காது. மேலே இழுத்துக்கொண்டே போகிறோம், கீழே பிளந்துகொண்டே வருகிறது. நான்கே முறை போட்டதில் இந்த நிலை. குறடால் ரன்னரைக் கொஞ்சம் நெரித்தால் சில நாள் ஓடும், அது தற்காலிகம்தான். உங்கள் தொழில்நுட்பப் பிரிவு என்று இணைத்த இடத்தில் "தேங்காய் எண்ணெய் போட்டுப் பாருங்க சார்" என்றார்கள். ஜிப் இறுக்கமாக ஓடினால் மெழுகுவத்தி தேய்க்கலாம். விரிந்த ரன்னருக்கு எண்ணெய் போட்டால் துணியில் கறைதான் மிஞ்சும்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பும் வருகிறது. தன் பைக்குள் மடங்கும் ஜாக்கெட் என்றால் அந்தப் பையை உள்வெளியாகத் திருப்பித்தான் மூட வேண்டும். அப்போது வெளிப்பக்கம் இருந்த ரன்னர் நாக்கு உள்ளே போய்விடும். அதனால்தான் எல்லோரும் அந்த ஒரு ஜிப்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் நாக்கு உள்ள ரன்னர் போடுவார்கள். நீங்கள் ஒரு பக்க நாக்கு வைத்திருக்கிறீர்கள். மடித்துத் திணித்தபின் மூடுவதற்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அதாவது இந்த ஜாக்கெட்டைச் செய்தவர்கள், விற்றவர்கள், படம் எடுத்தவர்கள் யாருமே ஒருமுறைகூட அதை மடித்துப் பார்க்கவில்லை. படத்தில் உள்ளங்கையில் மூடி வைத்திருக்கிறீர்களே, அது எந்த ஜாக்கெட்?

நஷ்டத்தைச் சொல்கிறேன். பெட்ரோல், விடுப்பு, போன் எல்லாம் போக, மலைப் பாதை ஓட்ட ஏற்ற இந்த சீசனே எனக்குப் போய்விட்டது. 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குக் கட்டிய பணம் போனது. விடியற்காலைப் பனியில் கிளம்ப வேண்டிய அதற்கு ஜாக்கெட் இல்லாமல் போக முடியவில்லை. மனவுளைச்சலையும் சேர்த்தால் ரூ. 25,000க்கு ஒரு பைசா குறையாது. கணக்குக் கேட்டால் காட்டுவேன்.

இருந்தாலும் பிரச்சினையைப் பெரிதாக்குவது என் நோக்கமல்ல. உங்கள் சைக்கிள் கையுறையை இரண்டு வருடமாகப் போடுகிறேன், தையல் பிரியவில்லை, அதை நம்பித்தான் இதை வாங்கினேன். ரூ. 3,499ஐ முழுதாக, உங்கள் கடைக் கூப்பனாக இல்லாமல், பணம் வந்த வழியிலேயே திருப்பித் தாருங்கள். எல், எக்ஸ்.எல். இரண்டு ஜாக்கெட்டும் என் வீட்டு வாசலில் இருந்து எடுத்துக்கொள்ளப்பட வேண்டும், நான் இனி எந்தக் குடோனுக்கும் வர மாட்டேன். பக்கத்தில் எடை, துணி இரண்டையும் திருத்துங்கள். அந்த டிசம்பர் 3 அன்பர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு கோத்தகிரி பஸ் நிலையத்தில் நனைந்த பனியனோடு பத்து நிமிடம் நிற்கட்டும், அது போதும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய பொறுப்பு உங்கள் குறைதீர்ப்பு அதிகாரியுடையது. ஆறு வாரம் ஆகிறது. இந்தக் கடிதம் கிடைத்த பத்து நாளில் பணம் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் வைத்து கோவைக்கு வர வேண்டியிருக்கும். தராசுப் படம், லேபிள் படம், டேப் வைத்த படம், மூன்று "தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்தி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குக் கொண்டுபோக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிக்கப்புக்கு வரும் பையனிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். எல் ஜாக்கெட்டின் ரன்னரைப் பிடித்து இழுத்துச் சரிபார்க்க வேண்டாம், கையோடு வந்துவிடும். பிறகு அதையும் நான்தான் உடைத்தேன் என்பீர்கள்.

இப்படிக்கு,
மேற்கண்ட ஆர்டரின் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.