'மீட்' அல்ல, 'மீட்டிங்'

ஆசிரியருக்கு வணக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலர் கடைசி வரியில், உங்களைச் சந்திக்க ஆவலோடு காத்திருக்கிறேன் என்ற பொருளில், 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள். 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. 'வான்ட் டு மீட்' என்பதில் உள்ள 'டு' வினையோடு சேர்ந்தது, இங்கே வருவதோ பிரிபொசிஷன், நம் வேற்றுமை உருபு மாதிரி, அதற்குப் பின்னால் பெயர்தான் நிற்கும் என்பதால் வினையும் 'இங்' சேர்த்துக்கொண்டு பெயராகிவிடுகிறது. தமிழிலும் 'சந்திக்க' என்பதோடு 'கு' ஒட்டாது, 'சந்திப்பதற்கு' என்றுதானே சொல்கிறோம்!

இந்த இரண்டு 'டு'வுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு உதாரணம்: 'ஐ யூஸ்டு டு வாக்' என்றால் முன்பெல்லாம் நடப்பேன். 'ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்' என்றால் நடந்து பழகிவிட்டேன். பொருளே மாறிவிடுகிறது பாருங்கள். அப்புறம், 'ஈகர்லி' (ஆவலோடு) போன்ற வினையடையைச் சேர்ப்பதானால் 'லுக்கிங்' என்பதற்கு முன்னால் வைப்பதே இயல்பு. உங்கள் மாணவர் பக்கத்தில் இதையெல்லாம் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு வாரம் ஒன்றாக விளக்குங்கள்.

— ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மதுரை