வகை மாறி வந்த கொனெக்டிங் ரொட் தொடர்பான முறைப்பாடு

நானுஓயா,
2024.08.19

முகாமையாளர் அவர்கட்கு,
லொறி உதிரிப்பாக விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

விடயம்: எஞ்சின் இலக்கத்துக்குப் பொருந்தாத கொனெக்டிங் ரொட்டும், அதை அரைத்துப் பூட்டுமாறு தங்கள் ஊழியர் கூறியதும்

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் நான்கு சிலிண்டர் டீசல் லொறி ஒன்றின் உரிமையாளர் நான். கடந்த ஜூலை 22 ஆம் திகதி அரிசி ஏற்றிக்கொண்டு திரும்புகையில், றம்பொடை ஏற்றத்தில் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டு வண்டியை ஓரங்கட்டினேன். மூன்றாம் சிலிண்டரின் பிக் எண்ட் மெட்டல், அதாவது பிஸ்டனைக் கிராங் தண்டோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் பெரிய முனைக்குள் இருக்கும் மெல்லிய பெயரிங் ஓடு, தன் இடத்தில் நில்லாமல் சுழன்றிருந்தது. கிராங்கை ஒரு சைஸ் அரைத்துக் காப்பாற்ற முடிந்தது. ரொட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த எஞ்சின் மாதிரியில் முன்னர் வந்தவற்றுக்கு ஒரு வகை ரொட்டும் பின்னர் வந்தவற்றுக்கு வேறு வகை ரொட்டும் உண்டு என்பதை எங்கள் கராஜின் தலைமை மெக்கானிக்கான பாஸ் முதலிலேயே எச்சரித்திருந்தார். அத்தோடு என் லொறியில் இப்போது இருப்பது வண்டியோடு வந்த எஞ்சின் அல்ல, பின்னர் மாற்றிய பழைய ரீகண்டிஷன் எஞ்சின். ஆகவே வண்டிச் சட்டகத்தில் உள்ள செஸி இலக்கத்தைக் கொண்டு தேட வேண்டாம் என்றும், புளொக்கில் குத்தியிருக்கும் எஞ்சின் இலக்கத்தையே பார்க்குமாறும் எழுதி, அந்த இலக்கத்தின் படத்தையும், பழுதான ரொட்டின் பக்கவாட்டு, பெரிய முனையின் மூடி பிரியும் முகம், போல்ட், பிஸ்டனோடு இணையும் சிறிய முனை ஆகியவற்றின் படங்களையும் ஜூலை 25 ஆம் திகதி தங்கள் விற்பனைப் பிரிவின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினேன். மறுநாள் 38,500 ரூபாவும் அனுப்புக் கூலி 1,450 ரூபாவும் செலுத்தினேன். தாங்கள் தந்த பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கத்துக்குரிய இடம் வெறுமையாக இருக்க, நான் வேண்டாம் என்ற செஸி இலக்கமே எழுதப்பட்டுள்ளது. பிழை நேர்ந்த இடம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

வந்து சேர்ந்த ரொட்டின் மூடியைக் கழற்றியபோது, அது பிரியும் முகம் உடைத்த கல்லைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. எங்கள் பழைய ரொட்டில் அந்த முகம் கண்ணாடிபோல் கடைந்து சமன் செய்யப்பட்டது. போல்ட் ரொட்டை ஊடுருவிச் சென்று மறுபுறம் நட்டினால் இறுக்கப்படும். ரொட்டிலும் மூடியிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் இலக்கம் குத்தப்பட்டிருக்கும். தாங்கள் அனுப்பியதில் நட்டே இல்லை; போல்ட் நேராக ரொட்டுக்குள்ளேயே முறுக்கப்படுகிறது. சிறிய முனையோ இன்னும் தெளிவான சாட்சி. பழையது மேல்நோக்கி ஒடுங்கி ஆப்பு வடிவில் இருக்க, புதியது ஒரே அகலத்தில் இருப்பதால், எங்கள் பிஸ்டனின் உள்ளே, ரொட்டைக் கோக்கும் பிஸ்டன் பின்னைத் தாங்கும் இரு குமிழ்களுக்கு இடையில் அது நுழையவே இல்லை. எதிர்க்கடையின் மரக்கறித் தராசில் நிறுத்தும் பார்த்தோம்: எஞ்சினில் இருந்த மற்றப் பழைய ரொட் மூன்றும் 1,815 முதல் 1,820 கிராம் வரை, புதியது 1,690 கிராம். நான்கில் ஒன்று இவ்வளவு இலேசாக இருந்தால் எஞ்சின் உதறாமல் ஓடாது.

அந்தச் சொரசொரப்பு குறையல்ல என்பதையும் பாஸ்தான் விளக்கினார். அவ்வகை ரொட்டை முழுத் துண்டாகச் செய்து, பெரிய துளையின் உட்புறம் கோடு கீறி, ஒரே இழுப்பில் உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த இரு முகங்களும் மேடும் பள்ளமுமாகத் தமக்குள் மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும். தரமான முறைதான், அதை நான் குறை கூறவில்லை. என் எஞ்சினுக்கு உரியது அல்ல என்பதே என் பேச்சு.

ஆனால் ஓகஸ்ட் 2 ஆம் திகதி நான் தொலைபேசியில் அழைத்தபோது தங்கள் ஊழியர், "மெட்டல் உட்காருகிறது அல்லவா, முகத்தை லேத்தில் கொடுத்து அரைத்துவிட்டுப் பூட்டுங்கள்" என்றார். பணத்தை விட எனக்கு அதிக மனவருத்தம் தந்தது இந்தப் பதில்தான். உடைத்துப் பிரித்த முகத்தை அரைத்தால் துளை ஒரு பக்கம் குறுகி முட்டை வடிவாகும். மூடியை இடம் பிசகாமல் பிடித்திருந்த மேடு பள்ளங்களும் போய்விடும். மெட்டல் நெரிந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, மறுபடியும் அதே இடத்தில் சுழலும், அல்லது ரொட் புளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாரத்தோடு, எஞ்சின் பிடிமானத்தை நம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இந்த ஆலோசனை சொல்லப்பட்டது. மெக்கானிசம் அறியாத ஒருவர் இதை நம்பிச் செய்திருப்பார்.

பெட்டி திறக்கப்பட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றும் அவர் கூறினார். பெட்டியைத் திறக்காமல் ரொட்டின் வகையை எவ்வாறு பார்ப்பது என்று கேட்டேன். அதற்கு விடை கிடைக்கவில்லை. ரொட் எஞ்சினில் பூட்டப்படவில்லை, அரைக்கப்படவும் இல்லை. வந்த எண்ணெய்க் கடதாசியிலேயே சுற்றி வைத்துள்ளேன்.

எனவே, எஞ்சின் இலக்கத்தைச் சரிபார்த்து, மற்ற மூன்றின் நிறைக்கு இசைந்த உரிய வகை ரொட்டை அனுப்புமாறும், அது கைவசம் இல்லையெனில் இரு வழி அனுப்புக் கூலியுடன் முழுப் பணத்தையும் மீளத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அரைத்துப் பூட்டலாம் என்ற ஆலோசனை தவறானது என்பதைத் தங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றை எனக்கும் அனுப்ப வேண்டும். லொறி நிற்கும் நாட்களின் ஹயர் இழப்பை இப்போது நான் கோரவில்லை. தாமதம் நீண்டால் அதையும் சேர்த்தே கேட்க நேரும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராதவிடத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்கள் முடிவதற்குள் எழுத்து மூலம் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதி, வட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்பிரதி, இரு ரொட்களையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
லொறி உரிமையாளர்,
நானுஓயா.