297-ஆவது ஆள்

பொன்மலை
ஞாயிறு இரவு

அடியே கோமு,

திட்டாதே. அம்மா போன செய்தியை வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தையில் அனுப்பிவிட்டு மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது தப்புதான். நீ கூப்பிட்டபோதெல்லாம் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பேன், நீயும் அழுவாய், உன் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி "தைரியமா இருங்க" என்று ஆரம்பிப்பார். அதற்குக் கடிதமே மேல். உன் முழங்கால் தேவலையா? பேரன் நடக்கிறானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் அக்கா டோரீன் ஆன்ட்டி அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். 83 வயதில் பெர்த்திலிருந்து தனியாகக் கிளம்பி, சிங்கப்பூரில் விமானம் மாறி. சின்ன வயதில் நாம் கேலி செய்வோமே, ஞாயிற்றுச் சந்தையில் கத்தரிக்காய்க்காரியிடம்கூட இங்கிலீஷில் பேரம் பேசுகிற ஆள் என்று. அந்த ஆன்ட்டி வாசலில் காலை வைத்ததும், "என் தங்கமே, என்னை விட்டுட்டுப் போயிட்டியேடி" என்று மாரில் அடித்துக்கொண்டார் பார், தெருவே அடங்கிப்போனது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருந்தவருக்கு அழுகை மட்டும் தமிழில் வருகிறது. அப்புறம் கருமாதிக் காபி மாதிரி ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். ("ஹனி, திஸ் இஸ் டெரிபிள்" என்றார். அது இங்கிலீஷில்.)

அன்றைக்கு இரவு ஒரு விஷயம் சொன்னார். அவர் 1968-இல் போனாரில்லையா, அப்போது அம்மாவுக்கும் போக ஆசை இருந்ததாம். வெள்ளையருக்கு மட்டும் என்ற அந்த ஊர்க் கொள்கை 1973 வரைக்கும் முழுசாக ஒழியவில்லை. ஆளைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அக்கா வெளுப்பு, தங்கை மாநிறம். "உன் கலருக்குக் கிடைக்காது, பணத்தை வீணாக்காதே" என்று தாத்தாவே மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். அம்மா இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிளில் வருகிற கழகக்கார ஃபிட்டர்மேல் காதல் வந்தது, வீட்டைவிட்டு வந்தேன் என்பதுதான் நமக்குச் சொன்ன கதை. அம்மா இன்னும் கொஞ்சம் வெளுப்பாகப் பிறந்திருந்தால் நான் உன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவே மாட்டேன், கோமு.

ஆன்ட்டி அங்கே போயும் என்ன கண்டார்? "எந்த ஊர்" என்று கேட்பார்களாம். இந்தியா என்றால், "பெயர் அப்படி இல்லையே" என்பார்களாம். இங்கே வந்தால் ஆட்டோக்காரர் ஃபாரின் பாட்டி என்று முந்நூறு ரூபாய் கேட்கிறார். "பொன்மலை என்று சொன்னால் அங்கே எவனுக்குத் தெரியும்?" என்றார்.

இனிமேல்தான் புலம்பல். அம்மா உறுப்பினராக இருந்த ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குப் போனேன். அவளுடைய இடத்தில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைப்பு. கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு அம்மா கைப்பிடித்து ஆடின இடம் இல்லையா. செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அரசியல் சட்டம் 366-ஆவது பிரிவை மனப்பாடமாக வைத்திருக்கிறார். தகப்பன் வழியில் எங்கேயோ ஒரு ஐரோப்பியன் இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியன். தாய் வழி கணக்கில் வராது. "உங்க அப்பா தமிழர், மேடம்" என்றார், எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

சிரிப்பு எங்கே வந்தது தெரியுமா? மெல்வின் மாமா கட்டியது உறையூர்ப் பெண்ணை. அவர் மகன் கெவின் நம்மைவிடக் கறுப்பு, தமிழில் மட்டுமே திட்டத் தெரியும், இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டடித்தவன். அவன் ஆங்கிலோ இந்தியன், சட்டப்படி. பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக, பள்ளிக்கூடம் முழுக்க "சட்டைக்காரி" (ஆங்கிலோ இந்தியக்காரி என்பதற்குத்தான் அந்தக் கேலி) என்று பட்டம் வாங்கின நான் இல்லையாம்! அந்தப் பட்டத்துக்காக ஜி கார்னரில் நீ ஒருத்தனைக் கல்லால் அடித்தாயே, வீணாகப் போயிற்று.

அப்பா பக்கத்துக் கதை உனக்குத் தெரிந்ததுதான். கல்யாணத்தன்றைக்கே குலதெய்வக் கோயிலில் அப்பாவிடம் தலைக்கட்டு வரி வாங்குவதை நிறுத்தினார்கள். அப்பா வெளியே "ஒழிந்தது சனி" என்றுதான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு மாசியிலும் திருவிழா என்றைக்கு என்று யாரிடமாவது விசாரிப்பார். போன மாதம் பங்காளிகள் இரண்டு பேர் துக்கம் விசாரிக்க என்று வந்து, கும்பாபிஷேகம், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று தம்பியிடம் நோட்டை நீட்டினார்கள். ஐம்பது வருடம் கழித்துக் கோபம் தீர்ந்துவிட்டது, ஓசூரில் சொந்த வீடு கட்டியவன்மேல் கோபம் நிற்குமா? தம்பி கொடுத்துவிட்டான். எனக்கு எரிச்சல். நானும் தருகிறேன் என்றேன். "பொண்ணுங்களுக்குக் கிடையாதும்மா, ஆண் வாரிசுதான் கணக்கு" என்றார் பெரியவர். சங்கத்துச் செயலாளரும் இவரும் ஒரே வகுப்பில் படித்திருப்பார்களோ என்று தோன்றியது.

2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மந்திரி சொன்னது நினைவிருக்கிறதா? 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர்தான் என்று. அடுத்த மாதமே மக்களவையின் இரண்டு நியமன இடமும் நம் சட்டமன்றத்து ஒரு இடமும் போயின. அம்மா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "296? நம்ம கிறிஸ்துமஸ் டான்ஸுக்கே அதைவிட அதிகம் வருவாங்களே, என்னை எண்ணினாங்களா இல்லையா?" என்றாள். எண்ணவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2011-இல் கணக்கெடுக்க வந்தவருக்குக் கதவைத் திறந்தது அப்பா. தாய்மொழி தமிழ், எல்லோருக்கும் தமிழ் என்று வாசலிலேயே முடித்து அனுப்பிவிட்டார். அந்த 296 செய்தி வந்த நாளிலிருந்துதான் நாம் அம்மாவை 297 என்று கூப்பிட்டது. நீகூடப் பிறந்தநாளுக்கு "ஹாப்பி பர்த்டே 297" என்று அட்டை போட்டாய். அதை பைபிளுக்குள் வைத்திருந்தாள், இப்போதுதான் எடுத்தேன்.

இப்போது 2027 பிப்ரவரியில் ஆள்கணக்கு எடுக்க வருவார்களாம், இந்த முறை சாதியும் கேட்பார்களாம். அதுதான் இரவெல்லாம் மண்டையைக் குடைகிறது. கதவைத் திறக்கப்போவது நான். என்ன சொல்ல? அப்பாவின் சாதியைச் சொன்னால், அவரைத் தள்ளிவைத்தவர்கள் எண்ணிக்கையில் நான் ஒன்று கூட்டுகிறேன். அம்மாவுடையதைச் சொன்னால் சட்டம் இல்லை என்கிறது. ஒன்றும் இல்லை என்று சொன்னால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார், ஆனால் அம்மா மறுபடியும் வாசலிலேயே விடுபட்டுப்போவாள். "எதைச் சொன்னாலும் எழுதிக்குவாங்க, இதுக்கு இவ்வளவு யோசனையா" என்று இவர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருக்கென்ன, ஏழு தலைமுறை ஒரே தெரு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1791-இல் தாய் இந்தியப் பெண் என்றால் உத்தியோகம் கிடையாது என்று ஆங்கிலோ இந்தியர்களைத் தள்ளினான், பின்னால் ரயிலுக்கு ஆள் வேண்டியபோது தேடிப் பிடித்தான் என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார். "உங்க ஆளுங்க மட்டும் என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாங்களா?" என்பாள் அவள். அந்தச் சண்டையைக் கேட்க இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நீ சொல். எனக்கு நீ சொன்னால்தான் முடிவாகும், எட்டாம் வகுப்பில் தாவணி நிறத்திலிருந்தே அப்படித்தானே.

டிசம்பரில் கண்டிப்பாக வா. அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், மஞ்சள் சோறும் பால் கறியும் (கறி உருண்டைக் குழம்பு, பாலில்லை) நான்தான் செய்யவேண்டும். கெவின் இப்போதே பயப்படுகிறான். ரோஸ் குக்கீஸ் சுட அச்சு இல்லை. இல்லை என்றால் தொலைந்துபோகவில்லை, 1989 தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுட என்று உங்கள் அம்மா வாங்கிப்போன அச்சு இன்னும் உன் வீட்டுப் பரணில் இருக்கிறது. என் அம்மா சாகிற வாரம்கூட "கோமதி வீட்ல என் அச்சு" என்றாள். எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிக் கொண்டுவா.

உன்
ஹனி (எ) தேன்மொழி