ஆறு வடிந்த விடியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதையான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957) படம் பற்றிய தங்கள் கட்டுரை, பாலம் தகர்ந்து ரயில் விழும் காட்சியைத்தான் பெரிதாகப் பேசுகிறது. படத்தின் உயிர் அதற்கு வெகு முன்னால், அலெக் கின்னஸின் நடையில் இருக்கிறது.

தகரக் கொட்டடியில் பூட்டிவைத்திருந்த கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சனை (கின்னஸ்), முகாமின் ஜப்பானியத் தளபதி சாயிட்டோவிடம் கூட்டிவருகிறார்கள். கால் பின்னுகிறது, தோள் மட்டும் சரியவில்லை. போலியோ கண்ட தன் மகன் நடந்த நடை அது என்று கின்னஸே சொல்லியிருக்கிறார். எதிரே சாயிட்டோவாக செஸ்ஸு ஹயகாவா, மௌனப்படக் காலத்து நட்சத்திரம். வெளியே கைதிகள் ஆரவாரம் செய்ய, நிக்கல்சனைப் பணியவைக்க முடியாத சாயிட்டோ அறைக்குள் குலுங்கி அழும்போது அந்தக் கொடியவன்மீதும் இரக்கம் வந்துவிடுகிறது. கின்னஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஹயகாவாவுக்கு வெறும் பரிந்துரை, அநியாயம்.

டெல்டாக்காரர்களுக்கு முடிவுக் காட்சியை விளக்கவே வேண்டாம். மேலே ஷட்டரை இறக்கினால், விடிவதற்குள் படித்துறையின் அடிப்படி வெளியே தெரிந்துவிடும். படத்திலும் அதுதான். பாலத்தைத் தகர்க்க நேச நாட்டு வீரர்கள் இரவில் தண்ணீருக்குள் போட்ட வெடிக்கம்பி, ஆறு வடிந்ததால் காலையில் கண்ணில் படுகிறது. நிக்கல்சன் மணலில் புதைந்த கம்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி நடக்கிறார். தான் கட்டிய பாலத்தைக் காப்பாற்றத் துடிக்கும் அந்த முகம்தான் உச்சக்கட்டம், வெடி அல்ல.

ஊர் மன்றங்களில் திரையிடுவோர் கவனிக்க வேண்டியது: இது சினிமாஸ்கோப் படம், உயரத்தைப்போல இரண்டரை மடங்கு அகலம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ‘ஸூம்’ போட்டுத் திரையை நிரப்பினால், படத்தில் பத்தில் மூன்று பங்கு பக்கவாட்டில் போய்விடும். வெயிலில் நிற்கும் அதிகாரிகளின் வரிசை பாதியில் அறுந்துபோகும். 12 அடி அகலத் திரையில் படத்தின் உயரம் 5 அடிக்கும் குறைவு. எனவே திரையைத் தலை மறைக்காத உயரத்தில் கட்ட வேண்டும். ஒலியளவை வெடிச்சத்தத்துக்கு வைக்காமல், நிக்கல்சன் தணிந்து பேசும் குரலுக்கு வையுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறிச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். படம் 161 நிமிடம். இடைவேளையை சாயிட்டோ அழும் காட்சி முடிந்ததும் விடலாம்.

கட்டுரையில் விடுபட்டது ஒன்று. படத்துக்கு அடிப்படையான, உண்மையான சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942–43இல் அதைப் போட்டபோது மாண்ட போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன குடும்பங்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தன. படத்தில் அவர்களுக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. அதனால் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. தொடங்குமுன் இரண்டு நிமிடம் இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்