பாழ்வீட்டுப் படங்களுக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வெளியான, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாழ்வீடுகளின் படத்தொகுப்பு மனதைக் கனக்கச் செய்தது. ஆனால் எந்தப் படத்திலும் ஊரோ ஆண்டோ குறிக்கப்படவில்லை. 1990இல் போரால் இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வீடும் வேலை தேடிப் போனவரின் வீடும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வாசகர் படும் துக்கம் யாருக்கானது என்பதைக் குறிப்புத்தான் சொல்லும். கறுப்பு வெள்ளையாக்கினால் சோகம் கூடும், உண்மைதான். ஆனால் செம்மண் சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்குமான வேறுபாடு போய்விடும்.

கூரை முகட்டின் ஓடுகள் இரண்டு விலகினாலே மாரி மழை உள்ளிறங்கி மண்சுவரைக் கரைக்கத் தொடங்கும். எனவே முகப்பு மட்டும் போதாது. நான்கு புறமும், கூரையின் உட்புறமும், கிணறும் பதிவாக வேண்டும். சுவரோரம் ஒரு மீற்றர் கோலை நிறுத்தினால் அளவு விளங்கும். அறைக்குள் கமராவை முக்காலியில் வைத்து, வெளிச்ச அளவை மாற்றி மூன்று படங்கள் எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் சன்னல் வெளுக்கும், அல்லது மூலைகள் இருண்டுவிடும். மாரி முடிந்த கையோடு போவோர் புல் மூடிய சுற்றுக்கட்டு இல்லாத கிணறுகளைக் கவனிக்கவேண்டும். அதேவேளை, சரியான இருப்பிடம் வெளியான வீடுகளில் முதிரை மர வாசல்நிலைகளும் கதவுகளும் கழற்றப்படுவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே கிராம உத்தியோகத்தர் மூலம் உரிமையாளரின் சம்மதம் பெற்று, ஊரையும் ஆண்டையும் மட்டும் அச்சிட்டு, முழு விபரத்துடன் ஒரு பிரதியைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வழங்கத் தங்கள் பத்திரிகை முன்வரலாம்.

வாசகர்,
கொக்கட்டிச்சோலை